ஆட்டுக்குக் கருச்சிதைவு, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: கேம்பைலோபாக்டர் கிருமியை அறிந்து கொள்வோம்

சினையாக இருந்த ஆடு, ஈனும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பே குட்டியைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. நல்ல கறவைப் பசு ஒன்று எத்தனை முறை காளையிடம் விட்டாலும் சினை பிடிப்பதில்லை. கோழிக்கறி சமைத்த மூன்றாம் நாள், வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலும் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் வருகிறது. முதல் இரண்டுக்கும் கால்நடை மருத்துவரைத் தேடுகிறோம். மூன்றாவதற்குக் குழந்தை மருத்துவரிடம் ஓடுகிறோம். இந்த மூன்றுக்கும் ஒரே கிருமிக் குடும்பம் காரணமாக இருக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தக் குடும்பத்தின் பெயர் கேம்பைலோபாக்டர். காலரா, டைபாய்டு போல ஊரறிந்த பெயர் அல்ல. ஆனால் உலக அளவில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நான்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் இதைச் சொல்கிறது. ஆடு, மாடு, கோழி வளர்ப்போர், அறுப்போர், விற்போர், சமைப்போர் என நம் சமூகத்தில் ஏராளமானோரின் கைகள் அன்றாடம் இந்தக் கிருமியின் பாதையில் இருக்கின்றன. எனவே இது எப்படி வாழ்கிறது, எப்படிப் பரவுகிறது, எந்த இடத்தில் இதைத் தடுக்க முடியும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பெயரும் இயல்பும்

கேம்பைலோபாக்டர் என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'வளைந்த கோல்' என்பது அதன் பொருள். நுண்ணோக்கியில் பார்த்தால் காற்புள்ளி போலவும், சில வேளை திருகாணி போலவும் தெரியும். நுனியில் உள்ள மெல்லிய வாலைச் சுழற்றிக்கொண்டு வேகமாக நகரும். குடலின் உட்சுவரில் படிந்திருக்கும் சளிப்படலத்தைத் துளைத்துச் செல்ல இந்தத் திருகு வடிவம் அதற்குக் கைகொடுக்கிறது.

இதற்குக் காற்று வேண்டும். ஆனால் குறைவாக வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. இந்தக் கிருமிக்குச் சுமார் 5 சதவீதமே ஏற்றது. அதனால்தான் குடலும் கருப்பையும் போன்ற உள்ளிடங்கள் இதற்கு வசதியாக அமைகின்றன.

இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு. நாம் அறிய வேண்டியவை முக்கியமாக மூன்று. முதலாவது 'கேம்பைலோபாக்டர் ஃபீடஸ்'. ஃபீடஸ் என்றால் கரு. ஆடு மாடுகளின் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்குவதில் பெயர் பெற்றது. இரண்டாவது 'கேம்பைலோபாக்டர் ஜெஜுனி'. ஜெஜுனம் என்பது சிறுகுடலின் நடுப்பகுதி. மனிதருக்கு வயிற்றுப்போக்கு தருவதில் இதுவே முன்னிலையில் உள்ளது. மூன்றாவது 'கேம்பைலோபாக்டர் கோலை'. இதுவும் குடலைத் தாக்குவதே. ஆனால் இந்தப் பெயர்கள் சொல்வது போல எல்லைகள் அத்தனை தெளிவாக இல்லை. குடல் கிருமி ஆட்டின் கருவைத் தாக்குவதும் உண்டு. கருவைத் தாக்கும் கிருமி மனிதரின் ரத்தத்தில் ஏறுவதும் உண்டு.

ஆட்டில் கண்டது 1906, மனிதரில் உறுதியானது 1977

இந்தக் கிருமியின் வரலாறு ஒரு பாடத்தைச் சொல்கிறது. 1886இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிக், வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தைகளின் குடலில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டு எழுதி வைத்தார். ஈ.கோலை என்று நாம் கேள்விப்படும் கிருமிக்குப் பெயர் கொடுத்தவர் இவரே. சுருள் கிருமியை அவரால் ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. அந்தச் செய்தி அப்படியே மறக்கப்பட்டது.

1906இல் பிரிட்டனில் கால்நடைகளின் கருச்சிதைவை ஆராய்ந்து கொண்டிருந்த ஜான் மெக்ஃபேடியன், ஸ்டூவர்ட் ஸ்டாக்மன் ஆகிய கால்நடை மருத்துவர்கள், ஒரு செம்மறி ஆட்டின் கருப்பைக் கழிவில் இந்த வளைந்த கிருமிகளை ஏராளமாகக் கண்டனர். 1918இல் அமெரிக்காவின் தியோபால்ட் ஸ்மித், கருச்சிதைந்த மாடுகளில் இதைக் கண்டு விவரித்தார். அடுத்த ஆண்டு அதற்கு 'விப்ரியோ ஃபீடஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. 1931இல் கன்றுகளின் கழிச்சலிலும், 1944இல் பன்றிகளின் கழிச்சலிலும் இதே போன்ற கிருமிகள் கண்டறியப்பட்டன. கால்நடை மருத்துவத்தில் இது நன்கு அறிமுகமான கிருமியாகிவிட்டது.

மனித மருத்துவம் இதை அறிய நெடுங்காலம் பிடித்தது. 1938இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பால் மூலம் 355 சிறைவாசிகளுக்கு வயிற்றுப்போக்கு பரவியபோது, சிலரின் ரத்தத்தில் இதே வடிவக் கிருமி தெரிந்தது. 1947இல் பிரான்சில் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்த மூன்று கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் விப்ரியோ ஃபீடஸ் இருப்பதை வின்சென்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் கண்டனர். அந்த மூவரில் இருவருக்குக் கரு சிதைந்தது. பசுவுக்கும் ஆட்டுக்கும் நேர்வது பெண்ணுக்கும் நேரலாம் என்பதற்கு அது முதல் சான்று.

1957இல் எலிசபெத் கிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர், கழிச்சலோடு வந்த குழந்தைகளின் ரத்தத்தில் கிடைத்த கிருமி, சற்றே வேறுபட்ட ஓர் இனம் என்பதைப் பிரித்துக் காட்டினார். 1963இல் இந்தக் கிருமிகளுக்குக் கேம்பைலோபாக்டர் என்ற தனிப் பெயர் கிடைத்தது. 1972இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் மலத்தைச் சல்லடை போன்ற நுண்வடிகட்டியில் வடித்து, அதிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தனர். 1977இல் இங்கிலாந்தின் மார்ட்டின் ஸ்கிர்ரோ, மற்றக் கிருமிகளைத் தடுத்து இதை மட்டும் வளரவிடும் ஊடகத்தை உருவாக்கி, வயிற்றுப்போக்குடன் வந்த 803 பேரைச் சோதித்தார். 57 பேரிடம் கேம்பைலோபாக்டர் இருந்தது. வயிற்றுப்போக்கு இல்லாத 194 பேரில் ஒருவரிடமும் இல்லை. எங்கும் இருந்த ஒரு நோய் அன்றுதான் மருத்துவர்களின் கண்ணில் பட்டது.

ஆட்டில் கண்டுபிடித்ததற்கும் மனிதரில் உறுதியானதற்கும் இடையே 71 ஆண்டுகள். கால்நடை மருத்துவமும் மனித மருத்துவமும் தனித்தனி வீடுகளாக இருந்தால் என்ன இழப்பு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மாடுகளில்: காளை மூலம் பரவும் மலடு

மாடுகளில் இது இனச்சேர்க்கை மூலம் பரவுகிறது. கேம்பைலோபாக்டர் ஃபீடஸின் ஒரு துணை இனம், காளையின் ஆணுறுப்பை மூடியிருக்கும் உறைத்தோலின் மடிப்புகளில் குடியிருக்கிறது. வயது ஏற ஏற அந்த மடிப்புகள் ஆழமாகும். எனவே நான்கைந்து வயதைக் கடந்த காளைகள் வாழ்நாள் முழுவதும் கிருமியைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம். காளைக்குக் காய்ச்சல் இல்லை, புண் இல்லை, விந்தின் தரத்திலும் குறை இல்லை. பார்ப்பவருக்கு அது கம்பீரமான பொலிகாளை.

அந்தக் காளையோடு சேரும் பசுவின் கருப்பையில் அழற்சி உண்டாகிறது. கரு உருவானாலும் ஆரம்பத்திலேயே அழிந்துவிடுகிறது. பசு மீண்டும் சினைப்பருவத்துக்கு வருகிறது. வழக்கமான 21 நாள் கணக்கு தவறி, நாட்கள் தள்ளித் தள்ளி வரும். வளர்ப்பவர் பசுவைக் குறை சொல்கிறார். சில பசுக்களில் கரு நிலைத்து, நான்கு முதல் ஏழாம் மாதத்துக்குள் சிதைகிறது. சில மாதங்களில் பசு எதிர்ப்புச் சக்தி பெற்றுச் சினை பிடிக்கும். ஆனால் அதற்குள் ஓர் ஈற்று போய்விடும்.

செயற்கை முறைக் கருவூட்டல் இந்த நோயைப் பல நாடுகளில் வெகுவாகக் குறைத்தது. 'சினை ஊசி' போடுவதன் நன்மை நல்ல இனக் கன்று கிடைப்பது மட்டுமல்ல. சோதிக்கப்பட்ட காளையின் விந்தை, கிருமிக்கொல்லி மருந்து சேர்த்து உறைய வைத்துப் பயன்படுத்துவதால், இது போன்ற நோய்களின் பாதை அடைபடுகிறது. இந்தியாவில் உறைவிந்து நிலையங்களில் காளைகளுக்குச் சோதிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் கேம்பைலோபாக்டரும் உண்டு. ஊருக்கெல்லாம் ஒரே காளையைச் சோதனையின்றிப் பயன்படுத்தும் இடங்களில்தான் இன்னும் ஆபத்து இருக்கிறது.

ஆடுகளில்: வாய் வழியே புகுந்து கருவைத் தாக்கும்

செம்மறி ஆடுகளில் பாதை வேறு. இங்கே இனச்சேர்க்கைக்குப் பங்கில்லை. கிருமி கலந்த தீவனத்தையும் தண்ணீரையும் உண்ணும் ஆட்டின் குடலுக்குள் கிருமி புகுந்து, ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியில் போய்த் தங்குகிறது. சினைக்காலத்தின் கடைசி வாரங்களில் கரு சிதைகிறது. அல்லது குட்டி செத்துப் பிறக்கிறது. உயிரோடு பிறந்தாலும் நிற்க வலுவின்றிச் சில நாட்களில் இறந்துவிடலாம்.

விழுந்த குட்டியிலும், நஞ்சுக்கொடியிலும், ஆட்டின் கழிவிலும் கிருமி நிறைந்திருக்கும். அவை விழுந்த இடத்தில் மற்ற சினை ஆடுகள் மேய்ந்தால் நோய் பட்டி முழுவதும் பரவும். காகங்கள் நஞ்சுக்கொடியைக் கொத்திக்கொண்டு போய்ப் பக்கத்துக் கொட்டிலிலும் போடும். ஓர் ஆட்டில் தொடங்குவது சில வாரங்களில் பல ஆடுகளைத் தொடுவது இப்படித்தான். கருச்சிதைந்த ஆடு பெரும்பாலும் தேறி, அடுத்த முறை ஒழுங்காக ஈனும். ஆனால் சில ஆடுகள் தம் குடலிலும் பித்தப்பையிலும் கிருமியை வைத்துக்கொண்டு வெளியேற்றியபடி இருக்கும்.

அமெரிக்காவில் செம்மறி ஆடுகளின் கருச்சிதைவுக்கு முன்பு பெரும்பாலும் ஃபீடஸ் காரணமாக இருந்தது. பின்னர் அந்த இடத்தை ஜெஜுனி பிடித்துக்கொண்டது. ஆட்டுப் பண்ணைகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் டெட்ராசைக்ளின் மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு வகை அங்கே பரவியது. அதே வகை, காய்ச்சாத பாலைக் குடித்து நோயுற்ற மனிதர்களிடமும் காணப்பட்டது. ஆட்டின் கருவைக் கொன்ற கிருமியும் மனிதரின் குடலைப் புண்ணாக்கிய கிருமியும் ஒன்றே என்பது மரபணு ஆய்வில் தெரியவந்தது.

கோழியில்: நோயே தெரியாது

கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். ஜெஜுனிக்கு மிகவும் பிடித்த வெப்பமும் அதுவே. எனவே கோழிக் குடலில் அது கோடிக்கணக்கில் பெருகுகிறது. கோழியோ நன்றாகத் தின்று எடை போடுகிறது. பண்ணைக் கொட்டகையில் ஒரு கோழிக்கு வந்தால், தண்ணீர், எச்சம் மூலம் சில நாட்களில் ஏறத்தாழ எல்லாக் கோழிகளுக்கும் பரவிவிடும்.

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கெட்டுப்போன கறியை நாற்றத்தில் கண்டுபிடிக்கலாம். சீக்குக் கோழியைப் பார்வையில் கண்டுபிடிக்கலாம். கேம்பைலோபாக்டர் இருக்கும் கோழியை மூக்காலும் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. நாட்டுக் கோழி என்பதாலோ, கண்முன்னே அறுத்துத் தந்தது என்பதாலோ அது இல்லை என்று ஆகிவிடாது.

முறைப்படி அறுத்து ரத்தம் வடிந்த கறி ஹலால் என்பதில் ஐயமில்லை. அதற்கு அடுத்த கட்டத்தில் நிகழும் அசுத்தமே இங்கே பிரச்சினை. ஒரே டிரம்மில் உள்ள வெந்நீரில் கோழிகளை மாற்றி மாற்றி முக்கும்போது ஒன்றின் எச்சம் மற்றொன்றில் ஒட்டுகிறது. அந்த வெந்நீரின் சூடு கிருமியைக் கொல்லப் போதாது. குடலை எடுக்கும்போது அது கிழிந்தால் உள்ளிருப்பது கறி மேல் படுகிறது. அதே கத்தி, அதே மரக்கட்டை, அதே துணி அடுத்த கோழிக்கும் போகிறது.

மனிதரில்: குடல், கரு, நரம்பு

மனிதரை நோயாளியாக்க இந்தக் கிருமி பெருமளவில் தேவையில்லை. பாலில் கலந்த 500 கிருமிகளே ஒருவருக்கு நோயை உண்டாக்கியது சோதனையில் தெரிந்தது. கோழிக்கறியிலிருந்து சிந்தும் ஒரு சொட்டு நீரில் அதைவிட அதிகம் இருக்கக்கூடும்.

கிருமி உள்ளே போன இரண்டு முதல் ஐந்து நாட்களில் நோய் தொடங்கும். முதலில் காய்ச்சல், உடம்பு வலி. பிறகு கடுமையான வயிற்று வலி. குடல்வால் அழற்சியோ என்று மருத்துவரே ஐயப்படும் அளவுக்கு இருக்கும். அதன்பின் கழிச்சல், பலருக்கு ரத்தமும் சளியும் கலந்து போகும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் தானே குணமாகிவிடும்.

இந்தத் தாமதத்தால் ஒரு குழப்பமும் நேர்கிறது. ஞாயிறு அன்று கோழி சமைத்திருப்போம். புதன் அன்று கழிச்சல் வரும். செவ்வாய் இரவு கடையில் சாப்பிட்ட பரோட்டா மீது பழி விழும்.

ஃபீடஸ் மனிதரை அரிதாகவே தாக்குகிறது. ஆனால் தாக்கினால் கடுமையாக இருக்கும். முதியவர்கள், ஈரல் நோயாளிகள், சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோரின் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவோ குறைப்பிரசவமோ நேரலாம். இது குடலைவிட ரத்தத்தில் அதிகம் கிடைப்பதாலும், ஜெஜுனிக்காக ஆய்வகத்தில் வைக்கப்படும் 42 டிகிரி வெப்பத்தில் பெரும்பாலும் வளராததாலும், வழக்கமான மலப் பரிசோதனையில் தப்பிவிடும். கால்நடை வளர்க்கும் வீட்டுக் கர்ப்பிணிக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், வீட்டில் ஆடு மாடு இருப்பதையும், அவற்றில் எதற்கேனும் கருச்சிதைந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்வது மிக அவசியம்.

மூன்றாவது ஆபத்து நரம்பில். ஜெஜுனியின் மேலுறையில் உள்ள சில மூலக்கூறுகள் நம் நரம்புகளின் மேலுள்ள மூலக்கூறுகளை ஒத்திருக்கின்றன. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் சிலரிடம் தவறுதலாகச் சொந்த நரம்புகளையே தாக்குகின்றன. கழிச்சல் நின்று ஒன்று முதல் மூன்று வாரங்களில் கால்களில் மதமதப்பும் பலவீனமும் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசைகள் செயலிழந்தால் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். இதுவே 'கியான் பாரே' நோய். கேம்பைலோபாக்டர் தொற்று வந்தவர்களில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கே இது வருகிறது. உரிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

குடிநீரில் கலந்தபோது

2016 ஆகஸ்டில் நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த் என்ற ஊரில் பெருமழை பெய்தது. சுமார் 14,000 பேர் வாழும் ஊர். ஆழ்துளைக் கிணற்று நீர் சுத்தமானது என்று நம்பி, குளோரின் கலக்காமலே விநியோகித்து வந்தனர். கிணறுகளுக்கு அருகில் இருந்த மேய்ச்சல் நிலத்தின் ஆட்டுப் புழுக்கைகள் மழைநீரில் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கின. 5,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். சில முதியவர்களின் மரணமும் இந்தத் தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டது. வளர்ந்த நாடு, ஆழமான கிணறு, தெளிந்த நீர் எல்லாம் இருந்தும் குளோரின் இல்லாத ஒரே குறை ஓர் ஊரையே படுக்க வைத்தது. அதன் பிறகு அந்த நாடு குடிநீர்ச் சட்டத்தையே மாற்றியது.

நம் நாட்டில் 2025 ஜனவரியில் மகாராஷ்டிர மாநிலம் பூனாவில் கியான் பாரே நோய் திடீரெனப் பெருகியது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 200ஐத் தொட்டது. சிலரின் மல மாதிரிகளில் கேம்பைலோபாக்டர் ஜெஜுனி கண்டறியப்பட்டது. அசுத்தமான குடிநீர் மீது சந்தேகம் விழுந்தது. செய்தித்தாள்களில் அன்று 'மர்ம நோய்' என்று எழுதினார்கள். கிருமி நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்டது, மர்மம் ஏதுமில்லை.

வேலூர்க் குழந்தைகள் சொல்லும் செய்தி

இந்தியா உட்பட எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்த 'மால்-எட்' என்ற பன்னாட்டு ஆய்வில் நம் வேலூரும் ஓர் இடம். அந்த ஆய்வில், பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மலத்தில் ஒரு வயது முடிவதற்குள் ஒரு முறையேனும் கேம்பைலோபாக்டர் தென்பட்டது. பலருக்குக் கழிச்சல் இல்லை. ஆனால் கிருமி அடிக்கடி தென்பட்ட குழந்தைகளின் உயர வளர்ச்சி, இரண்டு வயதில் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது, குடிநீரைச் சுத்திகரித்துக் குடிப்பது, ஒழுங்கான கழிப்பறை ஆகியவை இருந்த வீடுகளில் தொற்று குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. 'பிள்ளை நல்லாத்தான் சாப்பிடுது, உடம்பு தேற மாட்டேங்குது' என்று வருந்தும் தாய்மார்கள், கோழி எச்சம் கிடக்கும் முற்றத்தில் குழந்தை தவழ்ந்து விளையாடுகிறதா என்று ஒருமுறை கவனிக்கலாம்.

மருந்து பலிக்காமல் போவது

கோழிப் பண்ணைகளில் நோய் வராமல் தடுக்கவும் குணமாக்கவும் ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது. சிப்ரோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்த என்ரோஃப்ளாக்சசின் அவற்றில் ஒன்று. கோழிக் குடலில் இருக்கும் கேம்பைலோபாக்டர் அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது. பழகிய கிருமி மனிதருக்கு வந்தால், சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை பலிப்பதில்லை. இதைக் காரணம் காட்டியே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005 செப்டம்பரில் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதைத் தடை செய்தது. உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு இந்த வகை மருந்தை அனுமதிக்காத ஆஸ்திரேலியாவில், மருந்துக்குக் கட்டுப்படாத கேம்பைலோபாக்டர் நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தது.

கால்நடை வளர்ப்போர் செய்ய வேண்டியவை

ஓர் ஆட்டுக்கோ மாட்டுக்கோ கருச்சிதைந்தால், அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்ட வேண்டும். காரணம் கேம்பைலோபாக்டரா, புருசெல்லாவா, வேறொன்றா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. எனவே எல்லாவற்றையும் தொற்று என்றே கருத வேண்டும்.

விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறை இல்லாவிட்டால் தடித்த பாலிதீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளலாம். நாய்க்கோ காகத்துக்கோ எட்டாதபடி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கிணற்றடியிலும் ஓடைக்கரையிலும் புதைக்கக் கூடாது. புதைக்கும் முன் கால்நடை மருத்துவருக்குச் சொன்னால் சோதனைக்கு மாதிரி எடுக்க முடியும்.

கர்ப்பிணிகளை ஈற்றுப் பார்க்கவும், கொட்டில் சுத்தம் செய்யவும் விடக் கூடாது. இது சோம்பலுக்கு இடம் கொடுப்பது அல்ல. வயிற்றில் இருக்கும் உயிருக்கான பாதுகாப்பு. தீவனத்தைத் தரையில் கொட்டாமல் தொட்டியில் வைப்பதும், தண்ணீர்த் தொட்டியில் புழுக்கை விழாமல் உயர்த்திக் கட்டுவதும் செலவில்லாத தடுப்பு முறைகள். மீதமிருக்கும் மருந்தைத் தானாக எடுத்துக் கொடுப்பதைக் கைவிட வேண்டும்.

இறைச்சிக் கடையிலும் பெருநாள் காலத்திலும்

கடைக்காரர்கள் டிரம் தண்ணீரை அடிக்கடி மாற்றுவதும், குடல் எடுக்க ஒரு கத்தியும் கறி வெட்ட வேறொரு கத்தியும் வைப்பதும் பெரிய முதலீடு அல்ல. குடலை எடுத்த கையை சோப்பால் கழுவிய பிறகே கறியைத் தொட வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி வீடுகளில் குர்பானி கொடுக்கும்போது, குடல் கழுவும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மேல் விழுகிறது. அதைச் சமையலறைத் தொட்டியில் செய்யாமல் வெளியே தனி இடத்தில் செய்வது நல்லது. கழுவிய நீர் கிணற்றுக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ போகாமல் பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த வேலையிலிருந்து விலக்கி வைப்போம். பங்கு பிரித்துக் கொடுக்கும் கறியோடு குடலை ஒரே பையில் போட வேண்டாம்.

சமையலறையில்

இந்தக் கிருமிக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளியே, சாதாரண வெப்பத்தில் உணவில் இது பெருகாது. காய்ந்த இடத்தில் செத்துவிடும். நன்றாகச் சூடேறினால் பிழைக்காது. எனவே நம் ஊர்க் குழம்பிலும் பிரியாணியிலும் வெந்த கறியில் ஆபத்து இல்லை. வேகாத கறி தொட்ட கை, கத்தி, பலகை வழியாகவே ஆபத்து வருகிறது. கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கினால், வேகாத தயிர்ப் பச்சடியில் கிருமி போய்ச் சேரும்.

கோழியைக் குழாயடியில் வேகமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால், துளிகள் தெறித்துப் பக்கத்தில் உள்ள பாத்திரங்களில் படும். பிரிட்டனின் உணவுத் தர முகமை, கோழியைக் கழுவவே வேண்டாம் என்று 2014இல் பிரசாரம் செய்தது. ரத்தமும் இறகும் ஒட்டிய கறியை வாங்கும் நாம் கழுவாமல் சமைக்க மாட்டோம். அப்படியானால் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, கறியை அதில் அமிழ்த்தி, தெறிக்காமல் மெதுவாக அலசலாம். பிறகு பாத்திரத்தையும் தொட்டியையும் கையையும் சோப்பால் கழுவ வேண்டும். மஞ்சள் தூள் வாடையைப் போக்கும். கிருமிக்குச் சூடுதான் மருந்து.

கோழி ஈரலின் உள்ளேயும் கிருமி இருக்கலாம். எனவே நடுவில் சிவப்பு மாறும் வரை வேக வைக்க வேண்டும். தந்தூரியும் கிரில்லும் வாங்கும்போது எலும்போரம் ரத்தச் சிவப்பாக இருந்தால் உண்ணாமல் திருப்பிக் கொடுப்பதே நல்லது. பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். கறந்த சூட்டோடு குடித்தால் சத்து என்ற நம்பிக்கைக்காக இந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி குறையும், முழுவதும் சாகாது.

நோய் வந்துவிட்டால்

முதல் மருந்து தண்ணீர்தான். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம், குறையாத காய்ச்சல், சிறுநீர் குறைதல், கண் குழிதல், சோர்ந்து படுத்தல் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் முதல் நாளே போவது நல்லது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையால் கழிச்சலை நிறுத்த முயல வேண்டாம். ரத்தக் கழிச்சலில் குடலின் அசைவை நிறுத்தும் மாத்திரை தீங்கு செய்யக்கூடும். ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவையில்லை. தேவைப்பட்டால் எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கழிச்சல் நின்ற சில வாரங்களில் கால் மரத்துப் போதல், படி ஏற முடியாமை, விழுங்கச் சிரமம் தெரிந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பு கழிச்சல் வந்ததையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பட்டியில் ஓர் ஆட்டுக்குக் கருச்சிதைந்த செய்தியை வளர்ப்பவர் மறைக்காமல் சொன்னால், பக்கத்துப் பட்டி பிழைக்கும். அந்த வீட்டுக் கர்ப்பிணியின் காய்ச்சலுக்கு மருத்துவர் சரியான சோதனை செய்வார். கடைக்காரர் கத்தியை மாற்றினால் பல வீடுகளின் பிள்ளைகள் பிழைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கிருமியைத் தடுக்கப் பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். சோப்பும், கொதிக்கும் அடுப்பும், மறைக்காமல் சொல்லும் வாயும் போதும்.